இரவல் எண்களில் பறக்கலாமா?

ஆடி மாதத்தில் மதுரைச் சுற்றுச்சாலையில் சைக்கிள் மிதிப்பவரைக் கவனியுங்கள். மேற்கிலிருந்து விடாமல் தள்ளும் காற்றுக்கு எதிராக உடம்பைச் சற்றே சாய்த்தபடி போகிறார். திடீரென்று காற்று அடித்தால், விலகிய அளவுக்கு ஹேண்டில்பாரைத் திருப்புகிறார். வண்டி நிமிரத் தொடங்கியதும், முழுதாக நிமிரும் முன்பே கையைத் தளர்த்திவிடுகிறார்.

இதே மூன்று வேலைகளைக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர்களிடம் கண்டு கணிதமாக்கினார் நிக்கோலஸ் மினார்ஸ்கி. 1922-ல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில்தான் மாணவர்கள் இன்று 'பி.ஐ.டி.' என்று படிக்கும் கட்டுப்பாட்டு முறையின் வேர் இருக்கிறது. விலகலுக்கு ஏற்ற திருத்தம் 'பி'. ஓயாமல் ஒரு பக்கம் தள்ளும் பிழையைச் சேர்த்துவைத்துச் சரிசெய்வது 'ஐ'. அளவுக்கு மீறித் திரும்பாமல் முன்கூட்டியே தடுப்பது 'டி'. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வலு என்று சொல்லும் எண்ணே கெயின்.

இரண்டு கிலோ தெர்மாகோல் விமானத்தின் ஆட்டோபைலட்டிலும் இந்த எண்கள் உண்டு. செயல்திட்டத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது, வேறொருவருடைய விமானத்தின் கெயின்களை அப்படியே ஏற்றிப் பறக்கவிடும் ஆசை மாணவர்களுக்கு வருவது இயல்பு. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இறக்கையின் நீளம், எடை, ஈர்ப்பு மையம், சர்வோ மோட்டாரின் வேகம் என எது மாறினாலும் பொருத்தமான எண்ணும் மாறும். 'பி' கூடிப்போனால் இறக்கைகள் மாறி மாறிப் படபடக்கும். குறைந்துபோனால் திருப்பத்தில் விமானம் பாதையை விட்டு நழுவும். வேகமும் கணக்கில் வரும்: நொடிக்கு 12 மீட்டரிலிருந்து 18 மீட்டருக்கு வேகம் கூடினால், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏலிரான் தகட்டின் மீது காற்று தரும் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். சித்திரை வெயிலின் 40 டிகிரிக் காற்று, 15 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. வறண்ட கண்மாயிலிருந்து எழும் வெப்பக்காற்றும் விமானத்தைத் தூக்கிப்போடும். குளிர்நாட்டுக் காலை நேரத்தில் சரிபார்த்த எண்கள் மேலூர் நண்பகலில் தடுமாறினால் வியப்பில்லை.

பொருத்தமான எண்களைக் கண்டறியச் செலவில்லாத வழி இருக்கிறது. ஆர்டுபைலட் என்னும் திறந்த மென்பொருளில் 'ஆட்டோடியூன்' முறை உண்டு. பறக்கும்போது கையிலுள்ள ரிமோட்டின் குச்சியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பத் திரும்பத் தள்ளினால், அந்த விமானத்துக்கு உரிய எண்களை மென்பொருளே கற்றுக்கொள்ளும். தரையிறங்கியதும் பதிவுகளைத் திறந்து, கேட்ட சாய்வும் கிடைத்த சாய்வும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மாணவரின் வேலை. பொறியியல் அங்கேதான் கைவசமாகிறது.

ஆஸ்திரேலியாவின் கிங்கராயில் 2014-ல் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில், இந்த மென்பொருளோடு பறந்த கான்பெரா அணி முதலிடம் பெற்றது. 2018-ல் அதே நாட்டில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்ஷா' அணி இரண்டாமிடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால் அந்தச் செய்தி பட்டிதொட்டியெங்கும் பேசப்பட்டது. அத்தகைய அணி உருவாக, மாணவர்கள் விழுந்து எழுந்து பழக ஒரு களம் வேண்டும்.

மதுரையில் அந்தக் களத்துக்குச் சட்டம் தடையாக இல்லை. கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோ வரையிலான மாதிரி விமானங்களுக்கு, 2021 ட்ரோன் விதிகள் வகைச் சான்றிதழ் கேட்பதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி கட்டாயம். 12 கிலோமீட்டர் வரை உயரக் கட்டுப்பாடு உண்டு. அவனியாபுரம் பக்கம் பறக்க முடியாதுதான். மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கமோ இந்த எல்லைகளைத் தாண்டி விரிந்து கிடக்கிறது.

அங்கே வீடுகளும் மின்கம்பிகளும் இல்லாத ஒரு தரிசு நிலத்தை மாவட்ட நிர்வாகம் மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும். காற்று அடங்கிய காலை நேரங்களில் பல கல்லூரிகள் அதை முறைவைத்துப் பயன்படுத்தலாம். கல்லூரிகளும் பறந்து காட்டிய காணொளியோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு கெயினையும் ஏன் மாற்றினார்கள் என்று மாணவர்கள் எழுதிவைத்த குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் போட வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.