குற்றம் கைப்பிடியில் இல்லை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் ஓடிக் கை விறைத்தால் கைப்பிடியை மாற்று. நம்மிடையே எல்லாரும் சொல்லும் மருந்து இது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று ஏ-32 வீதியால் மன்னாருக்கு நேரே ஓட வழி கிடைத்தது. அந்த ஓட்டத்தில் கை உளைந்தவருக்கும் தடித்த ஸ்பொன்ச் கவரைத்தான் கைகாட்டுகிறார்கள். மெத்தென்று இருப்பதெல்லாம் சுகம் தரும் என்ற இந்த நம்பிக்கை பிழையானது. சிலவேளை ஆபத்தானதும்கூட.

கையை விறைக்கவைப்பதில் பெரும் பங்கு அதிர்வுக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தரம் சுழன்றால் விநாடிக்கு 100 அதிர்வு கைக்கு வரும். அதிர்வைத் தடுக்கவென்றே செய்யப்படும் கையுறைகளுக்கு ஐஎஸ்ஓ 10819 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. விநாடிக்கு 25 முதல் 200 வரையான அதிர்வில் 10 வீதத்தைக் குறைத்தாலே போதும் என்கிறது அதன் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. நம் எஞ்சினின் அதிர்வு விழுவது அந்த எல்லைக்குள்தான். சோதனையில் தேறிய கையுறைக்கே கணக்கு இவ்வளவென்றால், எந்தச் சோதனையையும் காணாத ஸ்பொன்ச் என்னத்தைத் தடுத்துவிடும்?

தடிப்பினால் வரும் கேடு வேறு. பழைய கைப்பிடிக்கு மேலே கவரை மாட்டினால் பிடி பருக்கிறது. சிறிய கைக்கு கிளச்சும் பிறேக்கும் எட்டாமல் போகின்றன. வழுக்காமலிருக்க இறுக்கிப் பிடிக்க, முன்கை இன்னும் உளைகிறது. அக்சிலேற்றர் பக்கத்துக் கவர் தளர்ந்து சுழன்றாலோ, உள்ளே நகர்ந்து உரசினாலோ, விட்டதும் திரும்பவேண்டிய அக்சிலேற்றர் திரும்பாது. அதற்குப் பிறகு கை உளைவைப் பற்றி யோசிக்க நேரமிராது.

எந்த விரல் விறைக்கிறது என்று முதலில் பாருங்கள். சின்ன விரலும் மோதிர விரலும் என்றால், உள்ளங்கையின் வெளியோரத்தில் பாரம் அழுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடிந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் ஹாண்டிலின் சாய்வையும் லீவரின் கோணத்தையும் சரிசெய்வதே முதல் வேலை. அதற்கு ஒரு சாவி போதும், காசு வேண்டாம்.

கரையோரத்தில் இன்னொரு எதிரியும் உண்டு: உப்புக்காற்று. அது கேபிளுக்குள் துருவேற்றும். துருவேறிய கிளச்சை நாள்முழுக்க இழுக்கிறவரின் கைக்கு எந்த ரப்பர் ஆறுதல் தரும்? கேபிளை மாற்றுங்கள். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்தனவா, ரயரில் காற்று அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகக் கழற்றி எறிந்த ஹாண்டில் முனைப் பாரங்களைத் திரும்பப் பூட்டுங்கள். அவை அதிர்வை அடக்கவே அங்கே இருந்தன.

‘மாற்றினேன், சுகமாயிருக்கிறதே’ என்பார் சிலர். இறுகி வெடித்த பழைய கைப்பிடியை மாற்றினால் சுகமாய்த்தான் இருக்கும். அப்படித் தேய்ந்ததை அதே தடிப்பில், ஒட்டி, சுழலாதபடி மாற்றுவதை யாரும் குறைசொல்லவில்லை. நோயை விட்டுவிட்டுக் கவரை விற்பதைத்தான் கண்டிக்கிறேன்.

ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர்களின் விரல்கள் அதிர்வால் வெளிறுவதை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே இதை அற்பமாக எண்ணவேண்டாம். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் விறைப்பு விடாவிட்டால் போகவேண்டிய இடம் உதிரிப்பாகக் கடையல்ல, ஆஸ்பத்திரி.