மருமகளைத் திட்டாதீங்க, ஊசியைக் கேளுங்க!

பிறந்த குழந்தை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. எடை ஏறவில்லை. "இருதயத்தில் கோளாறு" என்கிறார் டாக்டர்.

உடனே வீட்டில் பஞ்சாயத்து! "கிரகணத்தன்னிக்கு வெளியே போனா", "பப்பாளி தின்னா" என்று பழி முழுக்கப் பெற்றவள் தலையில்.

இது அநியாயம்!

இருதயக் கோளாறுக்குக் காரணங்கள் பல. அதில் தடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் ருபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள்.

லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு. அவ்வளவுதான். சிலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்குத் தொற்றினால், வயிற்றுப் பிள்ளையைக் கடுமையாகத் தாக்கும்.

இருதயத்தை ஒட்டி ஒரு சின்ன ரத்தக் குழாய் இருக்கிறது. பிறந்த சில நாளில் அது தானாக மூட வேண்டும். ருபெல்லா தாக்கிய குழந்தைக்கு மூடாமலே நின்றுவிடலாம். கூடவே கண்ணில் புரை விழும். காது கேட்காது. குழாயை டாக்டர்கள் மூடிவிடலாம். போன செவி திரும்பாது.

1941-ல் ஆஸ்திரேலியக் கண் டாக்டர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1969-ல் அமெரிக்காவில் தடுப்பூசியும் வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்கள். அப்போது நடந்தது என்ன? வாட்ஸ்அப்பில் வதந்தி! அதை நம்பி, பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரும் உண்டு.

அன்று 13 வயதில் ஊசிக்குத் தப்பிய சிறுமி இன்று கல்யாண வயதில் நிற்கிறாள். அவளுக்கு யார் பாதுகாப்பு?

"என் பிள்ளை, என் இஷ்டம்" என்று பேசுவதும் தப்பு. ருபெல்லா இருமலில், தும்மலில் பரவும். ஊசி போடாத சிறுவன் பஸ்ஸில் இருமினால், பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணிக்கு ஆபத்து. முகம் தெரியாத ஒரு குழந்தை அதற்கு விலை கொடுக்கும்.

குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஓர் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ஊசி போடாத பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். கர்ப்பமான பிறகு இந்த ஊசி போடக்கூடாது. போட்ட பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும்.

இன்று ராத்திரியே பீரோவைத் திறந்து தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஊசி விட்டுப்போயிருந்தால், நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!