மாஞ்சோலை எழுப்பும் கேள்வி

முதலாளித்துவமா, பொதுவுடைமையா என்ற விவாதத்தில் அமெரிக்காவும் முன்னாள் சோவியத் ஒன்றியமுமே வழக்கமாகச் சான்றுக்கு அழைக்கப்படுகின்றன. அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. மணிமுத்தாறு அணைக்கு மேலே, தாமிரபரணிக்கு நீர் தரும் மலைகளில் உள்ள மாஞ்சோலையே போதுமான சான்று.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் வனநிலத்தை 99 ஆண்டு குத்தகைக்கு பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்திடம் அளித்தது. தனியார் மூலதனத்தின் ஆற்றலை அங்கே மறுப்பதற்கில்லை. அடர்ந்த காட்டில் தேயிலைத் தோட்டங்களும் ஆலையும் சாலையும் குடியிருப்புகளும் உருவாயின. மழையையும் பண்ணையாரையும் நம்பிப் பிழைத்த சமவெளிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டு முழுவதும் கூலி கிடைத்தது. பின்னர் ஜமீன் ஒழிந்தது. நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது.

அந்த ஆற்றலின் மறுபக்கத்தையும் நெல்லை கண்டது. கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கோரி 1999 ஜூலை 23-இல் நடந்த பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியது. அதைத் தொடர்ந்து, ஒரு குழந்தை உள்பட 17 பேர் உயிரிழந்தனர். 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தோட்டத்தை மூடியது. நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள், தங்களுக்கென ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் மலையிறங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. தோட்டத்தை அரசின் 'டான்டீ' நிறுவனமே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை, அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

அரசு ஏற்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? இலங்கை 1972, 1975-ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992-இல் நிர்வாகத்தை மீண்டும் தனியாரிடம் அளித்தது. இரண்டு காலத்திலும் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் லயன் அறைகளிலேயே இருந்தனர். தாயகம் திரும்பிய அம்மக்களுக்காகவே தொடங்கப்பட்ட டான்டீயும் பல ஆண்டுகள் நட்டத்தில் தள்ளாடியது.

தொழிலாளரே பங்குதாரர் ஆனால்? மூணாறில் 2005-இல் டாடா நிறுவனம் விலகியபோது, கண்ணன் தேவன் தோட்டங்களின் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடம் வந்தன. ஆனால் 2015-இல் அதே நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் போனஸுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் அமர்ந்தனர். பங்குப் பத்திரம் கைக்கு வந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் வரவில்லை.

தனியார், அரசு, ஊழியர் பங்குடைமை ஆகிய மூன்று முறைகளிலும் மாறாத அம்சம் ஒன்று உண்டு. வேலையோடு வீடு பிணைக்கப்பட்டிருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்த வீட்டைத் தொழிலாளியின் உடைமையாக்கவில்லை. தொழில் பொய்த்தால் மூலதனம் வேறு தொழிலுக்குப் போகலாம். அரசு நிறுவனமும் நட்டத்தை வரிப்பணத்தில் ஈடுகட்டலாம். தொழிலாளிக்கோ வேலை போகும் நாளே வீடும் போகும் நாள். கூலி பேச்சுவார்த்தையில் அவர் குரல் எடுபடாமல் போவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஆகவே, ஒரு பொருளாதார முறையை அது ஈட்டும் இலாபத்தைக் கொண்டோ, முழங்கும் கொள்கையைக் கொண்டோ மட்டும் எடைபோட முடியாது. தொழில் நின்றுபோகும் நாளில் உழைத்தவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே சரியான உரைகல்.

மாஞ்சோலைக் குத்தகை 2028-இல் முடிகிறது. களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த நிலம் மீண்டும் காடாவது, ஆற்றை நம்பியிருக்கும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு நன்மையே. ஆனால் அந்த நன்மைக்கான விலையை மலையிறங்கும் குடும்பங்கள் மட்டும் செலுத்துவது நீதியாகாது. நிறுவனத்தின் குத்தகை உரிமையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மதித்த அரசு, தொழிலாளருக்குச் சமவெளியில் அவரவர் பெயரில் பட்டாவுடன் வீடும், பிழைக்கச் சிறிது நிலமும் வழங்க வேண்டும். அது சலுகை அன்று. நெடுநாள் நிலுவையில் நிற்கும் கடன்.