டெக் டீக்கடை: சட்டை மாத்தினா சாஃப்ட்வேர் சொந்தக்காரன் ஆயிடுமா?



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக ராத்திரி பகலா கோடிங் அடிச்சு ஒரு சாஃப்ட்வேர் ரெடி பண்ணிட்டீங்கன்னு வைங்க. லாஜிக் பக்கா. டேட்டாபேஸ் பக்கா. எல்லாமே ஓப்பன் சோர்ஸ், பத்து பைசா லைசென்ஸ் செலவு கிடையாது. அதை பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ரோட்டுல இருக்கிற வல்லம் வடகால் சிப்காட் பக்கம் போறீங்க. பெரிய கம்பெனிக்குப் பாகம் செஞ்சு கொடுக்கிற ஒரு சின்ன யூனிட். குவாலிட்டி செக்‌ஷன்ல ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். அங்கே இருக்கிற அண்ணன் உங்க சாஃப்ட்வேரைத் திறக்கிறார். ரெண்டு நிமிஷம் பார்க்கிறார்.

“என்ன தம்பி, ஒரு மாதிரியா இருக்கு? நமக்கு அந்த எக்ஸெல்லே போதும்ப்பா!”

அவ்ளோதான். ஆட்டம் க்ளோஸ்.

உள்ளே இன்ஜின் எவ்ளோ நல்லா ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது ஸ்க்ரீன் மட்டும்தான். பட்டன் அவர் பழகின மாதிரி இல்லை, எழுத்து வேற மாதிரி இருக்கு, ‘சேவ்’ எங்கே இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள இருநூறு பீஸ் ரீடிங் ஏத்தணும்கிற ஆளுக்கு அதைத் தேட நேரம் ஏது? ஓப்பன் சோர்ஸ் உலகத்துல எத்தனையோ நல்ல சாஃப்ட்வேர் இப்படித்தான் வாசல்லயே திரும்பிப் போயிருக்கு.

ஸோ, இந்த வார டாபிக்... ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், தான் குடியிருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பொருந்துறது எப்படி?

சமையல்காரர் ரெண்டு வகை!

பட்டன், மெனு, ஸ்க்ரோல் பார் எல்லாத்தையும் நாம உட்கார்ந்து வரையறதில்லை. ‘டூல்கிட்’னு ஒரு ரெடிமேட் பெட்டி இருக்கு. அது ரெண்டு விதமா வேலை பார்க்கும்.

முதல் வகை, உள்ளூர் சமையல்காரரையே கூப்பிட்டு சமைக்கச் சொல்றது. 1992-ல எடின்பரோ யுனிவர்சிட்டியில ஜூலியன் ஸ்மார்ட் ஆரம்பிச்ச டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் இந்த டைப். விண்டோஸ்ல ஓடினா விண்டோஸோட நிஜ பட்டனையே கேட்டு வாங்கி வைக்கும். மேக்ல ஓடினா மேக்கோட நிஜ பட்டன். ஃபைல்ஸில்லா யூஸ் பண்ணியிருக்கீங்களா? அது இதுலதான் எழுதினது. (முதல்ல இதுக்கு டபிள்யூஎக்ஸ்விண்டோஸ்னு பேரு. மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கிட்டதால 2004-ல பேரை மாத்திட்டாங்க!)

ரெண்டாவது வகை, வெளியூர் சமையல்காரர் உள்ளூர் ருசியைக் கத்துக்கிட்டு தானே சமைக்கிறது. க்யூட்டி, ஜிடிகே, ஜாவாவோட ஸ்விங் எல்லாம் இந்த டைப். பட்டனைத் தானே வரையும். ஆனா அசல் மாதிரி தெரியணுமே! விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல வந்தப்போ, பட்டன் வரையறதுக்குன்னே ஒரு வசதியை உள்ளே வெச்சாங்க. க்யூட்டி அதுகிட்டயே “இந்த இடத்துல ஒரு பட்டன் வரைஞ்சு கொடு”ன்னு கேட்டு வாங்கிக்கும். ஜிடிகே-க்கு இதே வேலையைப் பார்க்க ஒரு தீம் வந்துச்சு... பேரு ஜிடிகே-விம்ப். விம்ப்னா என்ன தெரியுமா? ‘விண்டோஸ் வேஷதாரி’ங்கிறதோட இங்கிலீஷ் சுருக்கம்! பேர்லயே உண்மையை ஒத்துக்கிட்ட நல்ல மனசு பாஸ் அது.

ரெண்டு வகைக்கும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளூர் சமையல்காரரை நம்பினா, அவருக்குத் தெரியாத பலகாரம் கிடைக்காது. தானே சமைச்சா, ஊர்ல ருசி மாறும்போதெல்லாம் நாமளும் மாறணும். இல்லேன்னா 2001 மாடல் பட்டன் இன்னிக்கு ஸ்க்ரீன்ல வந்து பல்லைக் காட்டும்!

நம்ம ஸ்ரீபெரும்புதூர் கனெக்‌ஷன்!

க்யூட்டியை உருவாக்கினது நார்வேயில ஆஸ்லோ நகரத்துல இருந்த ட்ரோல்டெக். 2008-ல அந்தக் கம்பெனியை வாங்கினது யார் தெரியுமா? நோக்கியா! 2006-ல இருந்து நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல லட்சக்கணக்குல போன் செஞ்சு அனுப்பிக்கிட்டிருந்த அதே நோக்கியாதான்.

2009 மார்ச்ல க்யூட்டி 4.5 வந்தப்போ நோக்கியா ஒரு பெரிய காரியம் பண்ணுச்சு. அதை எல்ஜிபிஎல் லைசென்ஸுக்குக் கொண்டு வந்துச்சு. அதுவரைக்கும் க்யூட்டியில எழுதினா ஒண்ணு உங்க கோடை முழுசா திறந்து வைக்கணும், இல்லேன்னா காசு கட்டணும். எல்ஜிபிஎல் வந்த பிறகு, காசு கட்டாமலேயே, அதோட விதிகளை மதிச்சு, சொந்த சாஃப்ட்வேர் செஞ்சு விக்கலாம்னு ஆச்சு. ஒரு சின்ன ஊர்ல ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் அது எவ்ளோ பெரிய கதவு!

2012-ல நோக்கியா க்யூட்டியை ஃபின்லாந்தோட டிஜியா கம்பெனிக்கு வித்துடுச்சு. 2014 நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியும் மூடிடுச்சு. பல ஆயிரம் பேர் வேலை இழந்த சோகம் அது. ஃபேக்டரி போச்சு. ஆனா லைசென்ஸ் திறந்ததால க்யூட்டி எல்லார் கையிலயும் தங்கிடுச்சு. அதே ரோட்டுல இருக்கிற காலேஜ்ல படிக்கிற நீங்க, இன்னிக்கு பைத்தானோட சேர்த்து அதை ஓசியில டவுன்லோடு பண்ணலாம்.

வேஷம் போட்டு ஜெயிச்சவங்க!

2008 ஜூன் 17. ஃபயர்ஃபாக்ஸ் 3 ரிலீஸ். 24 மணி நேரத்துல 80,02,530 டவுன்லோடு, கின்னஸ் ரெக்கார்டு! அதுல இன்னொரு சமாச்சாரமும் இருந்துச்சு. எக்ஸ்பி-க்கு ஒரு தோற்றம், விஸ்டாவுக்கு ஒண்ணு, மேக்குக்கு ஒண்ணு, லினக்ஸுக்கு ஒண்ணு. லினக்ஸ்ல நீங்க எந்த ஐகான் தீம் வெச்சிருக்கீங்களோ, அந்த ஐகானையே எடுத்துப் போட்டுக்கும். செட்டிங்ஸ் மெனு கூட விண்டோஸ்ல ‘டூல்ஸ் – ஆப்ஷன்ஸ்’, லினக்ஸ்ல ‘எடிட் – ப்ரிஃபரன்ஸஸ்’னு அந்தந்த ஊர் வழக்கப்படி பல வருஷம் இருந்துச்சு.

ஓப்பன் ஆஃபீஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். மேக்ல அதை ஓட்ட எக்ஸ்11-ன்னு தனியா ஒண்ணு வேணும். மேக் ஸ்க்ரீனுக்குள்ள யூனிக்ஸ் காலத்து ஜன்னல் ஒண்ணு முளைச்ச மாதிரி இருக்கும். 2008 அக்டோபர்ல 3.0 வந்தப்போதான் அது நிஜமான மேக் சாஃப்ட்வேரா மாறுச்சு. அதோட வாரிசு லிப்ரே ஆஃபீஸ் இன்னிக்கு ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு ஐகான் செட் வெச்சிருக்கு. விண்டோஸுக்கு 2018-ல வந்த கொலிப்ரே, கேடிஈ-க்கு ப்ரீஸ். எம்.எஸ். ஆஃபீஸ் ரிப்பன் பழகினவங்களுக்கு ‘வியூ’ மெனுவுல ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் ‘டேப்டு’ன்னு மாத்தினா போதும். “ஒரு மாதிரியா இருக்கு”ன்னு சொன்ன அந்த அண்ணன்கிட்ட முதல்ல இதைச் செஞ்சு காட்டுங்க.

நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு உதாரணம் இருக்கு. 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? ஒரே பெட்டியில விண்டோஸும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. ஒரே ப்ரௌசர், ஒரே ஆஃபீஸ் சாஃப்ட்வேர் ரெண்டு பக்கமும் ஓடும். பவர் பட்டனை அழுத்தின பிறகு எந்த ஊருக்குப் போறதுன்னு மாணவர் தேர்ந்தெடுக்கணும். பழகாத ஊருக்கு எத்தனை பேர் போயிருப்பாங்க? உங்க அண்ணன், அக்காகிட்ட கேட்டுப் பாருங்க.

“எதுக்கு பாஸ் இந்த வேஷம்?”

கேள்வி கரெக்ட்தான். இன்னிக்கு விஎஸ் கோட், டிஸ்கார்ட் எல்லாம் எலெக்ட்ரான்ல எழுதினது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சட்டைதான். யாரும் குறை சொல்றதில்லையே?

தீம் போடறதை எதிர்க்கிற ஓப்பன் சோர்ஸ்காரங்களும் உண்டு. 2002-ல ரெட் ஹேட் லினக்ஸ் 8.0, க்னோம், கேடிஈ ரெண்டுக்கும் ‘ப்ளூகர்வ்’னு ஒரே சட்டையை மாட்டிவிட்டப்போ கேடிஈ ஆளுங்க சிலர் செம கடுப்பானாங்க. 2019 மே மாசம் க்னோம் ஆப் எழுதுறவங்க சிலர் சேர்ந்து, “எங்க ஆப்ஸ் மேல உங்க தீமைத் திணிக்காதீங்க”ன்னு பகிரங்கமாவே கடிதம் எழுதினாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. சோதிச்சுப் பார்க்காத தீமைப் போட்டா எழுத்தும் பின்னணியும் ஒரே கலர்ல போய் ஒண்ணுமே தெரியாது. திட்டு மட்டும் ஆப் எழுதினவருக்கு!

ஆனா ஒண்ணு. விஎஸ் கோடை நாம தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிறோம், அதனால பழகிக்கிறோம். ஷிஃப்டுக்குப் பத்து நிமிஷம் தொடுற சாஃப்ட்வேருக்காக யாரும் பழகிக்க மாட்டாங்க.

அதை விட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. 2006-ல ஆஸ்திரேலியாவுல, பார்வையில்லாத மைக்கேல் கர்ரன் என்விடிஏ-ன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஸ்க்ரீன் ரீடரை ஆரம்பிச்சார். ஸ்க்ரீன்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்லும். நிஜ விண்டோஸ் பட்டன் அதுகிட்ட “நான் ஒரு பட்டன், என் பேரு சேமி, இப்போ அழுத்தலாம்”னு தானே சொல்லிடும். நீங்க படம் வரைஞ்சு பட்டன்னு வெச்சதுக்கு அது தெரியாது. உங்க கண்ணுக்கு சூப்பர் டிசைன், பார்வையில்லாத உங்க க்ளாஸ்மேட்டுக்கு வெறும் சுவர். பார்வை குறைஞ்சவங்க போட்டு வெச்சிருக்கிற ஹை கான்ட்ராஸ்ட் செட்டிங்கும் அப்படித்தான். சிஸ்டத்தோட கலரை நீங்க மதிக்கலைன்னா அவங்க செட்டிங் வேஸ்ட். ஊரோட ஒத்துப் போறது அழகுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க பாஸ், அவங்க வேலையே இதை நம்பித்தான் இருக்கு.

தமிழ் போடும்போது ஜாக்கிரதை!

வல்லம் வடகால் மாதிரி இடத்துக்குத் தமிழ்ல மெனு வெச்சா ஆபரேட்டருக்கு ஈஸி. ஆனா பட்டனோட அகலம், உயரத்தை பிக்ஸல் கணக்குல கட்டிப் போட்டீங்கன்னா போச்சு! இங்கிலீஷ்ல ‘ஓகே’ அடங்கின இடத்துல ‘உறுதிசெய்’ அடங்காது. மேலே புள்ளி வெட்டுப்பட்டா ‘க்’ போய் ‘க’ ஆயிடும். ‘ழூ’ மாதிரி எழுத்துக்கு வாலே காணாமப் போயிடும். எக்ஸ்பி காலத்துல தமிழுக்கு லதா ஃபான்ட், விண்டோஸ் 8-ல இருந்து நிர்மலா யூஐ, லினக்ஸ்ல பெரும்பாலும் லோஹித் அல்லது நோட்டோ. ஒவ்வொண்ணுக்கும் உயரம் வேற. அதனால ஃபான்ட் பேரை நீங்களா எழுதாம, சிஸ்டம் கொடுக்கிற ஃபான்ட்டையே வாங்கிக்கோங்க. அளவை லே-அவுட் மேனேஜர்கிட்ட விட்டுடுங்க.

இந்த வார ஹோம்வொர்க்!

ஜாவாவா? ஸ்விங்ல ‘சிஸ்டம் லுக் அண்ட் ஃபீல்’ போடற ஒரே வரி. அந்தப் பழைய மெட்டல் தோற்றம் போயிடும்.

பைத்தான் டிகின்டரா? சாதா விட்ஜெட்டுக்குப் பதிலா டிடிகே விட்ஜெட் போடுங்க. விண்டோஸ்ல விண்டோஸ் மாதிரி, மேக்ல மேக் மாதிரி தெரியும். ஆனா ஸ்க்ரீன் ரீடர் விஷயத்துல டிகின்டர் ரொம்ப நாளாவே வீக். அது முக்கியம்னா டபிள்யூஎக்ஸ்பைத்தான் பக்கம் போங்க.

க்யூட்டியா? ‘ஓகே’, ‘கேன்சல்’ பட்டனைக் கையால அடுக்காதீங்க. விண்டோஸ்ல ‘ஓகே’ முதல்ல வரும், மேக்லயும் க்னோம்லயும் அது கடைசியில வரும். கை பழக்கத்துல அமுக்கிட்டு மொத்த ரீடிங்கையும் அழிச்சா யார் பதில் சொல்றது? க்யூட்டி 4.2-ல இருந்தே இதுக்குன்னு ‘டயலாக் பட்டன் பாக்ஸ்’ இருக்கு. எந்த ஊர்ல இருக்கோம்னு பார்த்து அதுவே வரிசையை மாத்திக்கும்.

கடைசியா, மௌஸைக் கழட்டி வெச்சுட்டு, டேப் கீயை மட்டும் வெச்சு உங்க சாஃப்ட்வேரை முழுசா ஓட்டிப் பாருங்க. அப்புறம் என்விடிஏ-வை ஆன் பண்ணிட்டு, மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு ஒரு என்ட்ரி போட்டுப் பாருங்க. எங்கே மாட்டுறீங்களோ, அங்கேதான் வேலை பாக்கி!

அடுத்த வாரம்... ஃபேக்டரிக்காரர் நிஜமாவே உங்க சாஃப்ட்வேரை வாங்க ரெடின்னா, எந்த லைசென்ஸ்ல கொடுக்கிறது? ஒரு டீ சொல்லிட்டு உட்கார்ந்து பேசுவோம்.

வர்ட்டா?