தப்பி வந்தவருக்கு முதலில் விடுதலைச் சான்றிதழ்

மியான்மரின் மியாவாடி அருகே உள்ள கே.கே. பார்க் இணைய மோசடி வளாகத்துக்குள் 2025 அக்டோபரில் ராணுவம் புகுந்தது. அங்கிருந்து மோய் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் மே சோட் நகருக்குத் தப்பி ஓடியவர்களில் நூற்றுக்கணக்கானோர் இந்தியர்கள். நவம்பரில் விமானப்படை விமானங்கள் அவர்களை அழைத்துவந்தபோது, குடிவரவுச் சட்டத்தை மீறியதால் தாய்லாந்தில் தடுத்துவைக்கப்பட்டவர்கள் என்றுதான் நமது தூதரகம் அறிவித்தது. உயிரைக் காத்துக்கொள்ள ஆற்றைத் தாண்டியவருக்கு நாடு தரும் முதல் அடையாளம் இதுவா?

டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் பாங்காக்குக்கு அனுப்புகிறார். அங்கிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் பாஸ்போர்ட்டைப் பிடுங்குகிறார்கள். மோசடியில் இலக்கை எட்டாதவருக்கு அடியும் மின்சார அதிர்ச்சியும். இப்படிச் சிக்கியவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1 லட்சம் பேர் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இலேயே சொல்லிவிட்டது.

‘படித்தவர்கள்தானே, ஆசைப்பட்டுத் தெரிந்தே போனார்கள்’ என்பவர்களுக்குச் சட்டமும் தெரியாது, மனிதர்களின் வறுமையும் தெரியாது. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்கிறது ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பாலெர்மோ நெறிமுறை. இந்தியா 2011இல் அதை ஏற்று உறுதிசெய்திருக்கிறது. தப்பி வந்தவர்களின் கூட்டத்தில் ஆள்பிடித்த ஏஜென்ட்டுகளும் கலந்திருந்தால் பிடித்து உள்ளே தள்ளட்டும். அதற்காக எல்லோரையும் சந்தேகக் கைதிகளாக நடத்துவது அநீதி.

இதற்கு வழி நம்மிடமே 1976 முதல் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் என்ன செய்கிறது என்று பாருங்கள். கோட்டாட்சியர் நேரில் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தருகிறார். முன்பணக் கடன் அத்துடன் செல்லாததாகிறது. ரூ.30,000 வரை உடனடி உதவி கிடைக்கிறது. குடும்பம் ஊர் திரும்பிய பிறகு முதலாளி கடனைச் சொல்லி வாசலில் வந்து நிற்க முடியாது. அந்த ஒற்றைத் தாள், குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பதை முதல் நாளிலேயே தீர்த்துவிடுகிறது. மே சோட்டிலிருந்து திரும்பும் இளைஞருக்கு அது கிடையாது. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வீட்டு நகையை அடகு வைத்தார். வட்டி அவர் இல்லாதபோதும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கடனுக்கு எந்தக் கோட்டாட்சியர் பொறுப்பு?

விமானம் இறங்கிய அன்றே விசாரித்து அதே சான்றிதழைக் கொடுங்கள். ஏஜென்ட்டுக்காக வாங்கிய கடனை அரசு ஏற்கட்டும். அப்போது, வழக்குக்குப் பயந்து வாய்மூடியிருப்பவர்கள் ஏஜென்ட்டின் பெயர், ஊர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சொல்வார்கள். ஒரே ஆண்டில் இந்த ஆள்பிடிப்புக் கும்பல்கள் இந்தியாவில் கடை விரிக்க இடமில்லாமல் போகும்.