மாத்திரை கொடுத்தால் போதுமா? சொல்லியும் கொடுங்கள்!

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் கைகால் உதற ஆரம்பித்துவிடும். "ஐயையோ, இதயம் நின்னு போச்சா?" என்று அங்கேயே அழுதுவிடுகிறவர்களும் உண்டு.

கொஞ்சம் பொறுங்கள். இதயம் நிற்கவில்லை. மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழசானால் என்ன ஆகும்? ஓடும், ஆனால் பழைய வேகத்தில் ஏற்றாது. இதயத்திலும் அதே கதைதான். இறைக்க முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. ராத்திரி இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடிவதில்லை. இதைத்தான் 'இதயச் செயலிழப்பு' என்கிறார்கள்.

என் பெரியப்பாவுக்கு இதுதான் வந்தது. தலைமை ஆசிரியராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நன்றாகத்தான் வீடு திரும்பினார். கையில் ஒரு ஃபைல். அதில் ஆங்கிலத்தில் ஏழெட்டு மருந்துகளின் பெயர்கள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு, "உடம்புதான் தேறிடுச்சே, இத்தனை மாத்திரை எதுக்கு?" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். மாவடுவும் அப்பளமும் பழையபடி இலைக்கு வந்தன. முகம் கொஞ்சம் பூரித்த மாதிரி இருந்தது. "பெரியப்பாவுக்குச் சதை போட்டிருக்கு!" என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது சதை அல்ல, நீர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் நள்ளிரவில் மூச்சுத் திணற, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தத் தடவை அவர் வீடு திரும்பவில்லை.

மருந்தில் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உறுத்தல் அதுதான்.

அவர் நிறுத்திய மாத்திரைகள் சும்மா வந்துவிட்டவையா, என்ன? 'பீட்டா பிளாக்கர்' என்ற மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. 'பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது' என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே பாடம். 1975-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் வாக்ஸ்டெய்ன் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் ஏழே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று எழுதினார்கள். பலர் நம்பவில்லை. 1999-ல் வெளியான பெரிய ஆய்வுகள்தான் இந்த மருந்து உயிர் காக்கிறது என்று சந்தேகமில்லாமல் காட்டின. 24 வருஷப் போராட்டம்! சர்க்கரை வியாதிக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் உதவுகிறது என்று தெரிந்தது 2019-ல்.

மாற்று இதயத்தின் கதையும் இப்படித்தான். 1967 டிசம்பர் 3-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதரின் இதயத்தைப் பொருத்தினார். உலகமே கைதட்டியது. ஆனால் அந்த நோயாளி 18 நாள்தான் வாழ்ந்தார். புது இதயம் நன்றாகத்தான் துடித்தது. உயிரைக் கொண்டுபோனது நிமோனியா. உடம்பு புது இதயத்தை விரட்டாமல் இருக்க மருந்து வேண்டும். அந்த மருந்தே கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவிடும். இந்தச் சிக்கலால் பல ஆஸ்பத்திரிகள் ஆபரேஷனையே கைவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் நார்மன் ஷம்வே விடாமல் ஆராய்ந்துகொண்டே இருந்தார். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த 'சைக்ளோஸ்போரின்' 1980-களில் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இந்தியாவில் 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் வெற்றிகரமாகச் செய்து காட்டினார்.

ஆனால் ஒன்று. மாற்று இதயம் வைத்துக்கொண்டவரும் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தினால் அவருக்கும் ஆபத்துதான். ஆக, எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாக இருந்தாலும், அது வந்து முடிகிற இடம் உங்கள் வீட்டு மாத்திரை டப்பா!

அங்கே அது ஒழுங்காக வந்து சேர்கிறதா? 2013-ல் திருவனந்தபுரத்தில் 18 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இது 70-ஐத் தாண்டும். இதயத்தின் இறைக்கும் சக்தி குறைந்தவர்களில், தேவையான மருந்துகள் எல்லாம் எழுதப்பட்டு வீட்டுக்குப் போனவர்கள் சுமார் 25 சதவிகிதம்தான். ஐந்து வருஷத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நன்கு படித்தவர்கள் நிறைந்த கேரளத்திலேயே இப்படி!

"டாக்டருக்கு நேரம் எங்கே இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாசலில் நூறு பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்... இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போதும். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அரை மணி நேரம், தமிழில், வீட்டில் சமைக்கிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். அடுத்த சில வாரங்களுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கட்டும். ஸ்கேனுக்குத் தனி ரூம் கட்டுகிறவர்களால் இதற்கு இரண்டு நாற்காலி போட முடியாதா?

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். இதயம் பலவீனமானவர் வீட்டில் இருந்தால், தினமும் காலையில் காபிக்கு முன்பே எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். மூட்டு வலி என்று கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்காதீர்கள். அதில் பலவும் உடம்பில் நீரைத் தேக்கும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மருந்துக்கு மிஞ்சிய இதயத்துக்கு மாற்று இதயம் வேண்டும். அது கடையில் கிடைக்காது. மூளைச்சாவு என்று டாக்டர்கள் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்த பிறகு, ஒரு குடும்பம் 'சரி' என்று சொன்னால்தான் கிடைக்கும். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளை ஒரு டாக்டர் தம்பதி தானம் செய்தபோது தமிழ்நாடே நெகிழ்ந்தது. இப்படித் தானம் செய்கிறவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-ல் அரசு அறிவித்தது. துக்க நேரத்தில் ஐ.சி.யூ. வாசலில் நின்று யோசிக்க முடியாது. இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையிலேயே பேசிவிடுங்களேன்.

அடுத்த முறை யாரையாவது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது, பில்லைக் கட்டிவிட்டு அவசரமாக ஆட்டோ கூப்பிடாதீர்கள். "டாக்டர், இந்த மாத்திரை எதுக்கு? எத்தனை நாள்? என்ன ஆனா உங்களைக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? நாங்கள் கேட்காமல் வந்தோம். நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.