நீர் வகுத்த மார்க்கம்

மெக்சிகோ தேசத்தின் தென்கிழக்கு மூலையில், கரீபியன் கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே கட்டைவிரல்போல் நிமிர்ந்து நிற்கும் யுகாத்தான் தீபகற்பத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், கான்கூன் விமான நிலையத்தில் இறங்கிய கையோடு கடற்கரை விடுதி ஒன்றில் புகுந்து, வெண்மணலிலும் நீலநீரிலும் ஒரு வாரத்தைக் கரைத்து, நடுவில் ஒரு நாள் மட்டும் பேருந்தில் ஏறிச் சிச்சென் இட்சாவின் பிரமிடைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதுதான் சம்பிரதாயமாக இருந்து வருகிறது. வருகிற தை மாதத்துக்கென்று நாங்கள் உத்தேசித்திருக்கும் பிரயாணத்தில் இந்தச் சம்பிரதாயத்தைத் தலைகீழாக்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் மோட்டார் ஓட்டிச் செல்வதென்று நான் தீர்மானித்திருப்பதில் என் மனைவிக்கு இன்னும் பூரண சம்மதம் இல்லை. "அவ்வளவு தூரம் போய்விட்டுக் கடலில் கால் நனைக்காமல் வருவதா?" என்று அவள் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆயினும் அந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதி அலை அடிக்கும் கரையில் நடந்ததல்ல. உள்ளே, குடிக்க நீர் கிடைத்த இடங்களில் நடந்தது.

தேசப்படத்தை மேஜைமேல் விரித்து, வட யுகாத்தானில் ஒரு நதியைக் காட்டுங்கள் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், காட்ட முடியாது. நிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறையாதலால், பெய்கிற மழையெல்லாம் மேலே நில்லாமல் வெடிப்புகளில் இறங்கிப் பாதாளத்தில் ஓடுகிறது. எங்கே குகையின் கூரை இற்று விழுந்து அந்த நீர் ஆகாயத்தைப் பார்க்கிறதோ, அங்கே 'செனோத்தே' என்னும் இயற்கைக் கிணறு உண்டாகிறது. இக்கிணறுகளில் ஒரு கூட்டம் வில்போல் வளைந்து வரிசையாக அமைந்திருப்பதற்குக் காரணம், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்சுலுப் பக்கத்தில் விழுந்து டைனசோர்களின் வமிசத்தை முடித்து வைத்த விண்கல் பறித்த பள்ளத்தின் விளிம்பை அவை ஒட்டியிருப்பதுதான் என்கிறார்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். மாயா மக்கள் இந்தக் கிணறுகளை நாடி ஊர் கட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த ஸ்பானியருக்கோ, தேடி வந்த பொன் அங்கே அகப்படவில்லை. ஆனால் குடிக்க நீரும், கட்டக் கல்லும், ஏவுவதற்கு ஆட்களும் ஒருங்கே கிடைத்தவை அந்த மாயா ஊர்களே என்பதால், அவற்றின் மேலேயே தங்கள் நகரங்களையும் ஸ்தாபித்தார்கள். ஆகையால், வழிகாட்டி நூல்கள் 'காலனி நகரங்கள்' என்று ஒரு ஜாபிதாவும் 'மாயா இடிபாடுகள்' என்று மற்றொரு ஜாபிதாவும் போட்டு, இதற்கு இத்தனை நாள், அதற்கு இத்தனை நாள் என்று பங்கிடுவது எனக்கு உவப்பாக இல்லை. பல இடங்களில் இரண்டும் ஒரே கல்தான்; இரண்டு தடவை அடுக்கப்பட்ட கல்.

கான்கூனிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாயதோலித் எங்கள் முதல் தங்கல். போவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. சுங்கம் செலுத்திச் செல்லும் நெடுஞ்சாலை காட்டை நேர்கோடாகக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அதில் வேகம் உண்டு, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சுங்கமில்லாத பழைய சாலையோ ஒவ்வொரு கிராமத்தின் நடுவிலும் புகுந்து, 'தோப்பே' என்று அவர்கள் அழைக்கும் வேகத்தடைகளில் வண்டியை ஏற்றி இறக்கி, பிரயாணியின் முதுகெலும்பைச் சோதித்த பிறகே வழி விடுகிறது. சிலவற்றுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகைகூடக் கிடையாதாம். சாலையின் வலப்புறமாக ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர்கள், இந்தக் காரணத்துக்காகவே இருட்டிய பிறகு வண்டியை எடுக்காதிருப்பது உத்தமம்.

வாயதோலித் நகரத்தை ஸ்பானியர் 1543இல் வேறோரிடத்தில் ஸ்தாபித்து, அது குடியிருக்கத் தகுதியற்றதென்று கண்டு, 1545இல் ஸாசி என்ற மாயா ஊருக்கு மாற்றினார்கள். ஸாசியின் பெரிய செனோத்தே இன்றைக்கும் கடைத்தெருவிலிருந்து சில நிமிஷ நடையில் வாய் திறந்து கிடக்கிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1552இல் தொடங்கிக் கட்டிய சான் பெர்னார்தினோ மடத்தின் தோட்டத்திலும், இறைக்கும் உருளையோடு கூடிய மண்டபத்தின் கீழ், ஒரு செனோத்தே இருக்கிறது. 1847இல் வெடித்து அரை நூற்றாண்டுக்குமேல் நீடித்த மாயா மக்களின் கிளர்ச்சிக்கு முன்னோடியாக, மானுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயா தலைவர் கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான்.

இங்கே இரவு தங்குவதில் ஒரு சௌகரியம் உண்டு: சிச்சென் இட்சா 45 கிலோமீட்டருக்குள் இருப்பதால், காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போதே போய் நின்றுவிடலாம், கடற்கரைப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் வெளியேறியும் விடலாம். பிரமிடின் நான்கு பக்கமும் தலைக்கு 91 படிகள், உச்சியில் ஒரு படி, ஆக 365 என்ற கணக்கு எல்லோரும் அறிந்ததே. இப்போது யாரையும் மேலே ஏற விடுவதில்லை. எனக்குச் சிந்திக்கத் தோன்றுகிற சங்கதி வேறு. 1530களில் மொந்தேஹோ என்னும் ஸ்பானியத் தளபதியின் மகன் இந்தச் சிச்சென் இட்சாவிலேயே 'சியுதாத் ரியால்' என்று ஒரு நகரத்தை ஸ்தாபித்து, மாயா மக்களின் எதிர்ப்பைத் தாங்க மாட்டாமல் கைவிட்டு ஓடினான். அந்த ஊர் மட்டும் நிலைத்திருந்தால், இன்று நாம் வரிசையில் நின்று பார்க்கிற பிரமிடின் கற்கள் யாரோ ஒரு கனவானின் மாளிகைச் சுவரில் இருந்திருக்கும்.

எப்படி இருந்திருக்கும் என்பதைக் காண விரும்புகிறவர்கள் இசமால் போக வேண்டும். வீதிக்கு வீதி மஞ்சள் வர்ணம் பூசிய அந்தச் சிற்றூரில், மாயா மக்களின் பிரம்மாண்டமான கோயில் மேடை ஒன்றை இடித்துத் தட்டையாக்கி, அதன் கற்களைக்கொண்டே அதன் தலைமேல் துறவிகள் 1561 வாக்கில் எழுப்பிய புனித அந்தோனியார் மடம் நிற்கிறது. சுற்றுப் பிராகாரத்தின் வளைவுகளையும் அந்த முற்றத்தின் விசாலத்தையும் புகைப்படத்தில் பார்த்தாலே ஒன்று விளங்குகிறது: இந்த உயரமும் இந்த அகலமும் கிறிஸ்தவ சிற்பியின் சிருஷ்டி அல்ல, அவனுக்கு முன்பே அங்கே இருந்தவை; படி ஏறிப் போய் வணங்கும் பழக்கத்தை விட்டுவிடாமல், வணங்கப்படும் தெய்வத்தை மட்டும் மாற்றினார்கள். சில வீதிகள் தள்ளி, இடிக்கப்படாத கினிச் கக் மோ என்னும் பிரமிட் வீடுகளுக்குப் பின்னால் குன்றாகக் கிடக்கிறது. இங்கே அரைநாள் போதும் என்று எழுதியிருக்கிற வழிகாட்டியோடு எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. ஓர் இரவாவது தங்கத்தான் போகிறோம்.

மெரிதாவில் மூன்று இரவுகள். 1542 ஜனவரி 6ஆம் தேதி, மேலே சொன்ன மொந்தேஹோவின் மகனே, தோ என்ற மாயா நகரத்தின் இடிபாடுகளின் நடுவே இதை ஸ்தாபித்தான். 1598இல் முடிந்த பேராலயத்தின் சுவர்களில் தோவின் கற்கள் இருக்கின்றன. சதுக்கத்தின் தென்புறத்தில் மொந்தேஹோ குடும்பத்தின் மாளிகை முகப்பில், ஆயுதம் தாங்கிய இரு வீரர்கள் அலறுகிற தலைகளின்மீது கால் பதித்து நிற்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். வெற்றியை இவ்வளவு பச்சையாகக் கல்லில் ஒப்புக்கொண்ட முகப்பு வேறு எங்கேனும் உண்டோ, எனக்குச் சந்தேகம். புதியவர்களுக்கு இந்நகரம் ஓர் உபகாரமும் செய்கிறது: வடக்கு தெற்காக ஓடும் வீதிகளுக்கெல்லாம் இரட்டை எண், கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றை எண் என்பதால், வழி தவறுவதற்கு விசேஷ சாமர்த்தியம் வேண்டும். பிற்காலத்து மாளிகைகள் வரிசையாக நிற்கும் மொந்தேஹோ சாலையின் செல்வமோ ஹெனெகென் என்னும் கற்றாழையின் நாரிலிருந்து வந்தது. நம் ரயில் பாதை ஓரங்களில் முள் நுனியோடு வளர்ந்து நிற்கும் ஆனைக்கற்றாழையின் பங்காளி அது. அமெரிக்காவின் அறுவடை இயந்திரங்களுக்குக் கதிர்க்கட்டுக் கயிறு வேண்டியிருந்தது. அந்தக் கயிற்றுக்காகக் கடனில் கட்டுண்ட மாயா குடியானவர்கள் பண்ணைகளில் உழைத்து மாய்ந்தார்கள்.

மெரிதாவுக்குத் தெற்கே, நிலம் சிறு குன்றுகளாக எழும்பும் பூக் பிரதேசத்தில், நான் இதுவரை சொல்லிவந்த நியதி மாறுகிறது. அங்கே செனோத்தேக்கள் இல்லை. நீர் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. உஷ்மால் என்னும் மாயா நகரத்தைக் கட்டியவர்கள் குடுவை வடிவத்தில் நிலத்தைக் குடைந்து, சுண்ணாம்புச் சாந்து பூசிய 'சுல்தூன்' என்னும் தொட்டிகளில் மழைநீரைச் சேமித்தார்கள். வானத்தையே நம்பி வாழ்ந்தவர்கள் வானத்தின் தெய்வத்தை மறப்பார்களா? துதிக்கைபோல் நீண்டு வளைந்த மூக்குடைய சாக் என்னும் மழைக் கடவுளின் முகத்தைச் சுவரெல்லாம் பதித்தார்கள். பக்கத்திலுள்ள காபாவில் ஒரு மாளிகையின் முகப்பு முழுவதும் அந்த முகமேதான், நூற்றுக்கணக்கில். 1840களில் இப்பக்கம் சுற்றிய அமெரிக்க யாத்திரிகர் ஸ்டீவன்ஸ், பொலொன்சென் என்ற ஊரில் கோடைகாலத்து ஜனங்கள் ஒரு குகைக்குள் மாபெரும் மர ஏணிகளில் இறங்கித் தண்ணீர் சுமந்து வருவதைக் கண்டு எழுதினார். அவரோடு சென்ற கேதர்வுட் அதைச் சித்திரமாகவும் தீட்டினார். இப்பேர்ப்பட்ட நிலத்தில் நகரம் அமைக்க எந்த ஸ்பானியன் வருவான்? ஒருவரும் வந்து குடியேறாததால்தான், உஷ்மாலின் 35 மீட்டர் உயரமுள்ள மந்திரவாதியின் பிரமிடும் ஆளுநர் மாளிகையும் இவ்வளவு முழுமையாக நமக்குக் கிடைத்தன என்பது என் எண்ணம்.

இனி மானி. உஷ்மாலோடு உறவு கொண்டாடிய சியூ வமிசத்தார், நீர் உள்ள இடமாகப் பார்த்து அமைத்துக்கொண்ட தலைநகரம் அது. இன்றைக்கு ஒரு சிறு ஊர். 1562 ஜூலை 12ஆம் தேதி, தியேகோ தெ லாந்தா என்னும் துறவி, மாயா மக்கள் பழைய தெய்வங்களைத் தொழுகிறார்களென்று அவர்களைச் சித்திரவதை செய்வித்து, விக்கிரகங்களையும், சித்திர எழுத்தில் எழுதிய புராதன ஏடுகள் இருபத்தேழையும் இந்த ஊரில் தீயிலிட்டார். மிஞ்சியவை நான்கே: டிரெஸ்டன், பாரிஸ், மாட்ரிட், மெக்சிகோ நகரம் என்று நான்கு ஊர்களில் இருக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், செயலுக்கு விளக்கம் சொல்ல ஸ்பெயினுக்குப் போன அதே லாந்தா, அங்கே யுகாத்தானைப் பற்றி எழுதிய நூலில் மாயா எழுத்துகளின் ஓசையையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டுதான் 1952இல் சோவியத் அறிஞர் க்னோரோசோவ், மாயா நாட்டைக் கண்ணால் காணாமலே, அந்த எழுத்தைப் படிக்க வழி திறந்தார். லாந்தாவோ மேற்றிராணியாராக யுகாத்தானுக்கே திரும்பி வந்தார்.

மானியில் பார்ப்பதற்கு மடத்தையும் கோயிலையும் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை என்று சொல்கிறார்கள். ஒரு முழுப் பகல் ஒதுக்கியிருக்கிறேன். மதிய உணவும் அங்கேதான். இறைச்சி வேண்டாதவர்கள், அவித்த முட்டையைச் சோள அடைக்குள் சுருட்டிப் பூசணி விதைச் சாந்தை ஊற்றித் தரும் 'பாப்பாத்சூல்' எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கான்கூனுக்குச் சுமார் 300 கிலோமீட்டர். போதாக்குறைக்கு, கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலத்துக் கடிகாரம் யுகாத்தானைவிட ஒரு மணி முந்தியது என்பதால், எல்லையைத் தாண்டும்போது ஒரு மணி நேரம் கைநழுவிப் போகும். ஆகவே கடைசி இரவை மீண்டும் வாயதோலித்திலேயே கழிப்பதென்று எழுதி வைத்திருக்கிறேன்.